வீட்டுக்கும் அதே கார், ட்ராக்குக்கும் அதே கார்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் குளிர். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். ஜோகுபாளையத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை பெங்களூர் ட்ராஃபிக்கில் வழக்கம்போல முதல் கியர், இரண்டாம் கியர். சில்க் போர்டு சிக்னல் தாண்டி ஒரே ஒரு முறை மூன்றாவது போட்டேன். அதுவும் ஒரு ஆட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை, குறுக்கே வந்துவிட்டார்.

'ட்ராக் டே'வுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. வருகிற ஞாயிறு. ஓசூர் தாண்டி இருக்கிற ட்ராக். எல்லாம் பிரவீன் கிளப்பிவிட்டது (என் டீமில் இருக்கிறவன், போன மாதம் போய்விட்டு வந்து ஒரே அலட்டல்). "லேடீஸ்கூட வர்றாங்க மேடம்" என்றான். 'கூட'வாம். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சாப்பிடும்போது மு.விடம் சொன்னேன். (மு. = முரளி, என் வீட்டுக்காரர். கோபமாக இருக்கும்போது முழுப் பெயர் எழுதுவதில்லை.)

"நாப்பத்திரண்டு வயசுல என்ன ரேஸு?"

"ரேஸ் இல்லைங்க. நம்ம சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஒருநாள் ஓட்டலாம். கூட உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரேஸ்ல கப் குடுப்பாங்க. இதுல வெயில்ல நிக்கவெச்சு தயிர் சாதம் குடுப்பாங்க."

சிரிக்கவில்லை. எழுந்து போய் இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடுத்துவந்து, ட்ராக்கில் எது நடந்தாலும் ஒரு பைசா வராது என்ற வரியை விரல் வைத்துப் படித்துக் காட்டினார். வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான் என்றார். தெரியாதா எனக்கு? பதினோரு வருடத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் நான் வாங்கியது.

கடைசியில் ஒப்பந்தம். ஷோரூம் ஆள் அடுத்த திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சுக்கு வண்டியைப் பார்க்க வருகிறார். மு.வுக்கு ரொம்ப நாளாக அந்த ஷோரூமில் நிற்கிற ஒரு பெரிய வண்டி மேல் கண். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். விழாமல் வந்தால் அந்த ஆளை அவரே திருப்பி அனுப்ப வேண்டும்.

"ஒரு கீறல். சின்னதா இருந்தாலும்."

"சரி."

கை கொடுத்தோம், ஏதோ நிலம் விற்கிற மாதிரி.

இந்த வண்டியை நான் தர மாட்டேன். என்றாவது தர வேண்டி வந்தால், அதற்கு முன் ஒரு நாளாவது அது முழுசாக ஓடிப் பார்க்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது. பரவாயில்லை. இந்தக் குடும்பத்தில் என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர் யார்? ஒருவரும் இல்லை. மு. ரிவர்ஸ் எடுத்தால் தெருவே வெளியில் வந்து நிற்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மேகம், மழை இல்லை. வொர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லிவிட்டு ஈஜிபுரா. நயாஸ் பாய் கராஜ்.

செய்ய வேண்டியவை:
பிரேக் ஆயில் புதிது
முன் பிரேக் பேட் புதிது
இன்ஜின் ஆயில்
பெல்ட், ஹோஸ் எல்லாம் ஒரு பார்வை
கட்டி இழுக்கும் கொக்கி (எங்கே இருக்கிறது என்றே பதினோரு வருடமாகத் தெரியாது. ஸ்டெப்னிக்கு அடியில் பத்திரமாக, துணி சுற்றியபடி.)

பாதி காலியான பாட்டிலிலிருந்து பிரேக் ஆயிலை ஊற்றப் போனார் நயாஸ் பாய். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அரே மேடம், போன வாரம்தான் தொறந்தது."

"தொறந்து வெச்சா ஈரத்தை இழுத்துக்கும். சூடேறினா பிரேக் பிடிக்காது. புது பாட்டில் எடுங்க பாய்."

"இத்தனை வருஷமா இதைத்தான் ஊத்துறேன். ஒருத்தரும் செத்ததில்லை."

"செத்தவங்க வந்து கம்ப்ளெய்ன்ட் குடுக்க மாட்டாங்க."

கராஜே சிரித்தது. புது பாட்டில் வந்தது. "டென்ஷன் நக்கோ மேடம், விமானம் மாதிரி பறக்கும்" என்றார். டென்ஷனும் வேண்டாம், பறக்கவும் வேண்டாம் பாய், நின்றால் போதும்.

திரும்பும்போது நூறடி ரோட்டில் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். கத்தி மாதிரி பிடித்தது.

பிப்ரவரி 4, புதன்

ஹெல்மெட் வந்தது. முழு முகம் மூடுகிறது. கொண்டை போட்டால் தலை உள்ளே போகாது. தாழ்வாகப் பின்னி, பின்னலை சட்டைக்குள் விட வேண்டும். பழக வேண்டும் என்று மாட்டிக்கொண்டே சமைத்தேன். பலன்: வெங்காயம் நறுக்கினால் கண் எரியவில்லை. உப்பு மட்டும் பார்க்க முடியவில்லை.

கீழ் வீட்டு சாரதம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். கதவைத் திறந்ததும் ஓரடி பின்னால் போனார்.

"ஏன்ரீ இது, ஹெல்மெட் ஹாக்கொண்டு அடுகே மாடுத்தித்தீரா?"

ஹெல்மெட் போட்டுக்கொண்டா சமையல் என்கிறார். குக்கர் வெடிக்குமோ என்று பயம் என்றேன், கன்னடத்திலேயே. நம்பிவிட்டார், பாவம். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் எங்கள் வீட்டுக் குக்கர் பேச்சு.

பருத்திச் சட்டை, முழுக்கை. பேன்ட். மெல்லிய அடியுள்ள ஷூ. பழைய பேட்மிண்டன் ஷூவே போதும், பெடல் காலுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

டயர் நான்கும் பார்த்தாயிற்று. நல்ல நிலை. ஓட ஓட சூடேறிக் காற்றழுத்தம் கூடுமாம். அதனால் ஒவ்வொரு சுற்று (ட்ராக்கைப் பல முறை வலம் வந்தால் ஒரு சுற்று) முடிந்ததும் அளந்து குறைக்க வேண்டும். வீல் நட்டு எல்லாம் முறுக்கியாயிற்று. நானே. இரண்டு மாடி ஆட்கள் பால்கனியில் நின்று வேடிக்கை.

ஆபீஸ் போகும் வழியில் பார்வைப் பயிற்சி, ட்ராக்காரர்கள் அனுப்பிய பாடத்தில் உள்ளபடி. எங்கே பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகுமாம். எங்கள் ஊரில் தூரத்தில் பார்த்தால் பக்கத்தில் பள்ளம். பக்கத்தில் பார்த்தால் தூரத்தில் மாடு. யாருக்காக எழுதினார்களோ இந்தப் பாடத்தை.

மு. ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்:

"அங்க ஆம்புலன்ஸ் நிக்குமா?"

"நிக்கும்."

"ஒண்ணா, ரெண்டா?"

"எதுக்குங்க?"

"சும்மா கேட்டேன். பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எது?"

வண்டிக்கு எதற்கு ஆஸ்பத்திரி, நயாஸ் பாய் போதும் என்றேன். சானலை மாற்றினார். அவருக்கு எக்ஸ்சேஞ்ச் விலை குறைந்துவிடும் என்ற கவலை. வேறென்ன.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆபீஸில் ஒரே ரகளை. பிரவீன் டெஸ்டிங் எல்லாம் முடிந்த பிறகு ப்ரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றி அனுப்பிவிட்டான். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் விழுந்தது. பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "கடைசியா ஒருத்தர் கை பட்டா, மறுபடி முதல்லேர்ந்து பாக்கணும். பாத்தாச்சு பாத்தாச்சுன்னா எப்போ பாத்தே?" என்று கத்தியது காபி மெஷின் வரை கேட்டதாம். கேட்கட்டும். பதினெட்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொடிகள் மனப்பாடம். மஞ்சள்: ஆபத்து, முந்தாதே. சிவப்பு: மெல்ல உள்ளே வா. நீலம்: பின்னால் வேகமானவர், வழி விடு. கட்டம் போட்டது: முடிந்தது. பெங்களூரில் நீலக் கொடி காட்டினால் வண்டியை நிறுத்தி இறங்கிச் சண்டைக்கு வருவார்கள்.

பயமா என்று பிரவீன் கேட்டான், திட்டு வாங்கிய வாயோடு. இல்லை என்றேன். உண்மை. ஒரு பரபரப்பு, அவ்வளவே. பள்ளிச் சுற்றுலாவுக்கு முதல் நாள் மாதிரி.

பிப்ரவரி 7, சனி

தெளிந்த வானம். காலை முழுக்க வண்டியைக் காலி செய்தேன். தளர்வாக ஒரு பொருளும் இருக்கக் கூடாது. விதி.

கிடைத்தவை: குடை இரண்டு. ஒற்றைச் செருப்பு (யாருடையது?). மைசூர் பாக் டப்பா, கல்லாகிப்போனது. பார்க்கிங் சீட்டு ஒரு கட்டு. ஆயுத பூஜைச் சாமந்தி, சருகாக. மு. மூன்று மாதமாகத் தேடுகிற மூக்குக்கண்ணாடி. மிதியடி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் கையை விட்டுத் துழாவினேன். சுத்தம்.

டேஷ்போர்டுப் பிள்ளையாரும் வெளியே. அதற்குத்தான் வழக்கு.

"அவரை எதுக்கு எடுக்கற?"

"பசை விட்டுப்போச்சுங்க. கழண்டு வந்து மூஞ்சில அடிச்சா?"

"பதினோரு வருஷமா கழண்டு வரலையே."

"பதினோரு வருஷமா நாம ரெண்டாவது கியரைத் தாண்டலையே."

பிள்ளையாரை பூஜை அலமாரியில் வைத்தேன். மு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், தானே முன்வந்து, பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தார். இந்த வாரம் முழுக்க உர்ரென்று இருந்த மனுஷன்! பங்க் அடுத்த தெருவில். போனவர் வர ஒன்றரை மணி நேரம். "கியூ" என்றார். வண்டியைத் துடைத்து வேறு கொண்டுவந்திருந்தார், பானெட்டில் ஈரம். கல்யாணமாகி முதல் முறை. மனம் மாறிவிட்டார் போல. முரளி என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஞாயிறு முடியட்டும்.

நாளை எடுத்துப் போக: ஹெல்மெட், லைசென்ஸ், தண்ணீர், காற்றழுத்தமானி, நீல டேப், வாழைப்பழம், தொப்பி. ஹேண்ட் பிரேக்கில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியாயிற்று. பிரேக் சூடாக இருக்கும்போது அதை இழுத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். நிறுத்தினால் கை தானாக அங்கே போகும் எனக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு. காலை, ட்ராக்

விடிவதற்குள் கிளம்பினேன். கூட வாருங்கள் என்று கேட்டதற்கு "என்னால பாக்க முடியாது, நீ போய்ட்டு வா" என்றார் மு. வீம்பு! அத்திப்பள்ளி வரை காலி ரோடு. ஓசூரில் இட்லி.

இருபது வண்டி. பெண்கள் நான்கு பேர். என்னுடையதுதான் பழசு. பக்கத்தில் நின்றவர் வண்டி, சக்கரமே என் இடுப்பு உயரம்.

வண்டிப் பரிசோதனை. பெரியவர் ஒருவர் பானெட், பேட்டரி, டயர், சீட் பெல்ட் எல்லாம் பார்த்தார்.

"சீட்டுக்கு அடியில பாத்துட்டீங்களாம்மா?"

"நேத்தே டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு சார்."

"நல்லதும்மா." ஸ்டிக்கர் ஒட்டினார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் நித்யா, கோயம்புத்தூர். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் சுற்றுக்கு என் பக்கத்தில் ஏறினார். அதற்கு முன் எல்லோரிடமும் அவர் சொன்னது: "பிரேக்கு மிதிச்சா முழுசா மிதிங்க, பயந்துட்டு விட்டுறாதீங்க. திரும்ப முடியாதுன்னு தோணுச்சுன்னா திருப்பாதீங்க. நேரா மண்ணுக்குள்ள போங்க. மண்ணு நல்லதுங்க."

முதல் வளைவில் ஹாரன் அடித்துவிட்டேன். பழக்கதோஷம்.

"ஏனுங்க, யாரு இங்க ரோடு கிராஸ் பண்ணப் போறாங்க?"

நேர்ப்பாதையில் முந்தும்போது மறுபடி அடித்தேன். சிரித்துச் சிரித்து அவர் ஹெல்மெட் கண்ணாடியைப் பனி மாதிரி ஆவி மூடிவிட்டது. ஆனால் இறங்கும்போது சொன்னார்: "கை ரொம்ப சுத்தமுங்க. இன்னும் கொஞ்சம் தைரியமா பிரேக்கு மிதிக்கலாம். அடுத்தது தனியா போங்க." பிரவீனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

மதியம், ட்ராக்

எழுத்து கோணல். முதலில் எழுதிவிடுகிறேன்: எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது சுற்று, தனியாக. நேர்ப்பாதை முடிவு. நான்காவது கியர், இன்ஜின் கத்துகிறது, எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. பிரேக் போட வேண்டிய பலகை வந்தது. தைரியமாக மிதித்தேன். வண்டி வேகம் குறைந்தது, அதே நேரம் காலுக்குக் கீழே ஏதோ உருண்டு வந்து இடித்தது. காலை ஒரு நொடி தூக்கி மறுபடி மிதித்தால், பெடல் பாதியில் நிற்கிறது. அடியில் ஏதோ உருண்டையாக. வளைவு எதிரில். திருப்பினால் கவிழ்ந்திருப்பேன். திருப்பவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, இரண்டு காலும் சேர்ந்த பலத்தை ஒரே காலில் வைத்து அழுத்தினேன். பொளக்கென்று ஏதோ உடைந்தது. பெடல் இறங்கியது. மண்ணுக்குள் போய், புழுதியெல்லாம் அடங்கி, வண்டி நின்றது.

அமைதி. அப்புறம் வாசனை. எலுமிச்சை.

மஞ்சள் கொடி. நித்யா ஓடிவந்தார். கதவைத் திறந்தவர் முகத்தில் கேள்விக்குறி.

"என்னங்க, உள்ள ஜூஸ் போட்டீங்களா?"

குனிந்து பெடலுக்கு அடியிலிருந்து எடுத்தார். நசுங்கிய எலுமிச்சம்பழம். அதில் குங்குமம்.

குங்குமத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. போன் போட்டேன்.

"எலுமிச்சம்பழம் யார் வெச்சது?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"முரளி!" பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அத்தனை பேர் நடுவில்.

"நான்தான். சீட்டுக்கு அடியில, பேப்பர் சுத்தி, கம்பிக்கு நடுவுல டைட்டாத்தான் வெச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

"பிரேக்குக்கு அடியில வந்து உக்காந்துச்சு!"

"ஐயையோ. உனக்கு? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"அறிவிருக்கா உங்களுக்கு? நான் செத்திருப்பேன்!"

"பிள்ளையாரை வேற எடுத்துட்டே. வெறும் வண்டியா போகுதேன்னு மனசு கேக்கலை. நேத்து அல்சூர் கோவில்ல பூஜை போட்டேன். ஐயர் அஞ்சு பழம் குடுத்தாரு. நாலு சக்கரத்துக்கு. ஒண்ணு உனக்கு."

ஆம்புலன்ஸ் ஒன்றா இரண்டா என்று கேட்டது, பெரிய ஆஸ்பத்திரி எது என்று கேட்டது, எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. எக்ஸ்சேஞ்ச் விலையாம்! மட்டி நான்.

"வந்துடேன்" என்றார்.

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு."

"வேணாம்னா கேக்கவா போறே?"

"மாட்டேன்" என்று வைத்துவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தயிர் சாதம் இறங்கவில்லை.

தப்பு அவருடையது மட்டுமில்லை. கடைசியாக அவர் கை பட்டது. நான் மறுபடி பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் கேட்டபோதுகூட 'நேத்தே பாத்தாச்சு'. பிரவீனுக்கு இது ஜென்மத்துக்கும் தெரியக் கூடாது.

இப்போது முழங்காலில் உட்கார்ந்து, நான்கு சீட்டுக்கும் அடியில் துழாவினேன். பெரியவரும் வந்து, இந்த முறை தானே குனிந்து பார்த்தார். வண்டியைத் தூக்கி அடிப்பக்கமும் பார்த்தார்கள். பம்பர் நிறையப் புல், மண்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு?" நித்யா.

"எனக்கும் இல்லை."

"அப்பறம் என்னங்க, ஹெல்மெட்ட மாட்டுங்க."

போகிறேன்.

சாயங்காலம், வீடு

போனேன். முதல் தடவை அந்த வளைவுக்கு வரும்போது சீக்கிரமே பிரேக் போட்டேன். பெடல் கல்லாக நின்று பிடித்தது. இரண்டாம் தடவை பலகையிலேயே போட்டேன். மூன்றாம் தடவை பலகை தாண்டி. வண்டி அப்படியே உள்ளே திரும்பியது, நான் பார்த்த இடத்துக்கு, வழுக்கிக்கொண்டு இல்லை, சொன்ன பேச்சு கேட்டு. பதினோரு வருடமாக இது இதற்குள்ளேயே இருந்திருக்கிறது, சில்க் போர்டில் பொறுமையாக நின்றுகொண்டு! ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஹாரன் மட்டும் அடிக்கவில்லை.

நின்றதும் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. 'தொடாதே.' தொடவில்லை.

திட்ட வேண்டியதையெல்லாம் அத்திப்பள்ளி வரையில் வண்டிக்குள்ளேயே திட்டி முடித்துவிட்டேன். வீட்டு வாசலில் நின்றிருந்தார், எப்போதிலிருந்தோ. வண்டியைப் பார்க்கவில்லை. என் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தொட்டுப் பார்த்தார், காய்கறி வாங்குகிற மாதிரி.

"கீறல் தேடுங்க" என்றேன்.

"இருட்டிடுச்சு" என்றார்.

ரசம் வைத்திருந்தார். எலுமிச்சை ரசமா என்று கேட்டேன். தக்காளி என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிப்ரவரி 9, திங்கள்

பளிச்சென்று வெயில். தொடை, தோள், கழுத்து எல்லாம் வலி. ஷோரூம் ஆள் வருமுன் வண்டியைக் கழுவலாம் என்று கீழே போனேன். பம்பர் புல்லைப் பிடுங்கினேன். அடியில், இடது ஓரத்தில், ஒரு கீறல். என் சுண்டு விரல் நீளம். நேற்று மண்ணில் விழுந்தது, சந்தேகமே இல்லை.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். துணியைப் பிழிந்து வைத்துவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தேன். மூச்சு விடவில்லை யாரிடமும். சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்ல வரவில்லை.

ஷோரூம் ஆள் வந்தார். டை கட்டிய பையன். சுற்றி வந்தான், குனிந்தான், போனில் படம் எடுத்தான்.

"சார், வண்டி சூப்பர் கண்டிஷன். ஆனா இங்க ஒரு ஸ்க்ராட்ச் இருக்கு பாருங்க. புதுசா தெரியுது."

மு. குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"அது பழசுப்பா" என்றார். "நீ வந்ததுக்கு சாரி. வண்டி குடுக்கற ஐடியா இல்லை."

பையன் போய்விட்டான். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. வழியில் அவரையும் இறக்கிவிட வேண்டும். நான் சாவியை எடுத்தேன். முரளி ஏறவில்லை. போன் டார்ச்சைப் போட்டு, இஸ்திரி போட்ட பேன்ட்டோடு ரோட்டில் முழங்கால் போட்டு, என் சீட்டுக்கு அடியில் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார். அப்புறம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இல்லை. எடு."